மூன்று கேலனில் ஓசூர்

ஓசூரில் ஏரிக்குப் போகும் வழியில் ஃபகருன்னிசாவுக்கு ஓடு வேய்ந்த இரண்டு அறை வீடு இருந்தது. ஆனால் யாராவது "உங்க வூடு எங்கம்மா?" என்று கேட்டால் அவர் கை அந்த வீட்டைக் காட்டாது. வாசலில் நிற்கும் வேனைத்தான் காட்டும்.

அந்த வேன் யுத்த காலத்தில் பட்டாளத்து ஆம்புலன்ஸாக இருந்தது. அவர் கணவர் மெஹபூப் பாஷா அப்படிப்பட்ட வண்டி ஒன்றை பர்மா எல்லையில் ஓட்டியவர். யுத்தம் முடிந்ததும் பெங்களூரில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். பாத்திரம் வாங்கப் போனவர் வேனோடு திரும்பி வந்தார். உள்ளே காயம்பட்டவர்களைக் கிடத்தும் நான்கு மடக்குக் கட்டில்கள் இருந்தன. ஃபகருன்னிசா அவற்றுக்கு இலவம்பஞ்சு மெத்தை தைத்தார், ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை கட்டினார், பின்கதவை ஒட்டி மண்ணெண்ணெய் அடுப்புக்கு இடம் செய்தார். கூரைமேல் தண்ணீருக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதை எப்போதும் நிரப்பியே வைத்திருப்பது பாஷாவின் பட்டாளத்துப் பழக்கம். ஊரில் அதற்குக் கட்டில் வேன் என்று பெயர். திருப்பதிக்கும் தர்மஸ்தலாவுக்கும் போகிற குடும்பங்கள், சத்திரம் தேடுகிற வேலை இல்லை என்பதற்காக அதை வாடகைக்கு எடுப்பார்கள். வாடகை இல்லாத நாட்களில் கணவனும் மனைவியும் அதிலேயே தூங்குவார்கள். வீடு பூட்டிக் கிடக்கும்.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். பினாங்கிலிருந்து வந்து, ஓசூரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. எங்கே புறப்பட்டாலும் திரும்பி வர வழி உண்டா என்று முதலில் விசாரிக்கிறவன். அதனால் அந்த வண்டியைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வியே பெட்ரோல்தான்.

"கேலனுக்குப் பதினாலு மைல், வாத்தியாரே," என்றார் பாஷா.

உள்ளேயிருந்து ஃபகருன்னிசாவின் குரல் வந்தது. "எறங்கறப்போ."

அந்த ஒரு சொல்லில் விஷயம் முழுவதும் இருந்தது. ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி பள்ளத்தில். நடுவே முப்பத்திரண்டு மைல். ஓசூரிலிருந்து கீழே போகிற டிரைவர்கள் பாதி வழி கியரே போடாமல் வண்டியை உருட்டிக்கொண்டு போவார்கள். பாஷா ஒருமுறை பெட்ரோல் அளந்து ஊற்றிக் கணக்குப் பார்த்தார். அப்படி உருண்டு போன நாளில்தான் பார்த்தார். பதினாலு வந்தது. அன்றைக்கே கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மேலே ஏறி வரும்போது இன்னொரு தடவை அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஃபகருன்னிசாவுக்குத் தோன்றியது. அவர் பிறந்தது சாமல்பட்டியில். அவருடைய அப்பா ரயில் நிலையத்தில் பொரி விற்றவர். தண்ணீர் பிடிக்க நிற்கும் எஞ்சின்களின் டிரைவர்கள், இந்த மேட்டுக்கு இவ்வளவு கரி தின்றது, அந்த மேட்டுக்கு அவ்வளவு என்று பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர். வேனில் பெட்ரோல் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அவர் ஒரு மூங்கில் குச்சியில் அரை கேலனுக்கு ஒரு கோடு கீறி, டாங்கிக்குள் விட்டு எடுத்துப் பார்ப்பார். ரவிக்கைக்கு அளவெடுக்கிறவர் மாதிரி வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொள்வார். யாரிடமும் சொல்ல மாட்டார்.

1952ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாகரசம்பட்டி பெருமாள் கவுண்டர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான்கு மாந்தோப்புகளின் சொந்தக்காரர். காய் பிடிக்கும் காலத்தில் தோப்புக்குத் தோப்பு போய்த் தங்கவும், வாரத்துக்கு இரண்டு தடவை பெங்களூர் மண்டிக்குக் கூடைகளோடு போகவும் அவருக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. மூன்று மாத வாடகை, பெட்ரோல் அவர் செலவு. முந்தின வாரம் ஒரு தடவை வேனில் ஏறி வந்து பார்த்திருந்தார்.

"பாய் இருக்காரா?"

"வண்டிக்கு அடியில இருக்காரு," என்றார் ஃபகருன்னிசா.

வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கவுண்டர் கால்களைப் பார்த்தே பேசினார்.

"பாய், பதினாலுன்னு சொன்ன. எட்டு குடுத்துது. எட்டு. எங்க வூட்டு எருமைங்க நாலும் சேந்து குடிச்சாக்கூட இத்தன குடிக்காது."

"எதுர்க்காத்து அடிச்சிருக்கும், கவுண்டரே," என்றன கால்கள்.

"அன்னிக்கி இலை ஆடலப்பா."

கால்கள் கொஞ்சம் உள்ளே போயின. கவுண்டர் குடையால் டயரைத் தட்டினார். "நானும் யோசிச்சிப் பாத்தேன். கட்டில் இருக்குது, அடுப்பு இருக்குது, தோப்புல பாம்பு பயமில்லாம தூங்கலாம். வுட மனசு வரல. அதனால ஒண்ணு சொல்றேன். கிருஷ்ணகிரில என் கண்ணு முன்னால மூணு கேலன் ஊத்து. அதுல ஓசூர் வந்து சேந்துட்டா இந்த வருசமும் வர்ற வருசமும் வண்டி எனக்குத்தான். வந்து சேரலன்னா, பழைய இரும்புக்காரன் கேட்டுக்கினு இருக்கானாமே, அவங்கிட்ட எடைக்குப் போட்டுட்டு நீ லாரிக்குப் போ."

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. இரும்புக்காரர் இரண்டு தடவை வந்து வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். வாடகையில் வருவதெல்லாம் பெட்ரோலுக்கும் டயருக்கும் எஞ்சின் எண்ணெய்க்குமே போய்க்கொண்டிருந்தது. பம்பாய் லாரிக்கு ஆள் வேண்டும் என்று ஒரு முதலாளி பாஷாவைக் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார். போனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுப் பக்கம் வர முடியும்.

ஃபகருன்னிசா முறத்தைக் கீழே வைத்தார். "மேல ஏறி வரணுமா, கவுண்டரே? இங்கருந்து கீழ எறங்கக் கூடாதா?"

"என் மாங்கா மேலதானம்மா போவுது."

"செரி," என்றார் ஃபகருன்னிசா.

வண்டிக்கு அடியில் ஒரு தலை இரும்பில் மோதிய சத்தம் கேட்டது.

கவுண்டர் போனதும் பாஷா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். "நீ ஏம்மா செரின்னே? மூணு கேலன்ல சூளகிரி தாண்டாது."

"வண்டி தாண்டும். நீங்கதான் தாண்டமாட்டீங்க."

பிறகு அவர் கணக்கைச் சொன்னார். மூன்று மாதமாகக் குச்சியை விட்டுப் பார்த்த கணக்கு. வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. முன்னால் போய் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். பர்மாவில் அடிபட்ட தோள் பாஷாவுக்கு. அதனால் வழியில் எங்கே நின்றாலும் எஞ்சினை அணைக்க மாட்டார். எங்கே நின்றாலும் என்றால், எங்கும் நிற்பார். குருபரப்பள்ளியில் ஒருவருடைய மருமகன் விஷயம், சின்னாரில் கிணறு வெட்டுகிற விஷயம், சூளகிரியில் நசருல்லாவின் டீக்கடையில் உலக விஷயம். வண்டி உறுமிக்கொண்டே நிற்கும்.

"மூணு கடைக்கு ஒரு கோடு எறங்குது," என்றார் ஃபகருன்னிசா. "நீங்க ஒரு டீ குடிக்கற நேரத்துல அது நாலு டீ குடிக்குது."

பாஷா குச்சியை வாங்கிக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது போல முகம் இருந்தது.

அடுத்த மூன்று நாட்கள் அந்த வாசலில் ஒரே அமர்க்களம். முதலில் கூரையிலிருந்து பீப்பாய் இறங்கியது. பிறகு இரண்டு கட்டில்கள், பட்டாளத்துச் சங்கிலி, ஒரு பட்டறைக்கல். சீட்டுக்கு அடியில் துணி சுற்றிய கனமான பொருள் ஒன்று கிடைத்தது. பிரித்தால் அம்மிக்கல்.

"இது யாருது?"

"பர்கூர் சாந்தம்மாவோடது," என்றார் பாஷா. "அவங்க தங்கச்சிக்கிட்ட குடுக்கச் சொன்னாங்க."

"எப்போ?"

"போன வருசம். அதுக்கு முந்தின வருசமா இருக்கும்."

"பாவம், அந்தத் தங்கச்சி எதுல அரைச்சிக்கினு இருக்காளோ."

சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னதும் ஃபகருன்னிசாதான். இடது பின்சக்கரம் சுற்ற மறுத்தது. பிரேக் கட்டை எப்போதும் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. அதைச் சரிசெய்தார்கள். டயர்களுக்குக் காற்று இறுக்கமாக அடித்தார்கள். உபரி டயரையும் வீட்டில் விட்டுவிடலாம் என்று அவர் சொன்னபோது நான் குறுக்கே பேசினேன். நான்தான் சோதனைக்குச் சாட்சி. ஊரில் யாருக்கும் சொந்தமில்லாதவன் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டு என்னை வைத்திருந்தார்கள்.

"பஞ்சரானா என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"அப்ப உக்காந்து அழலாம், வாத்தியாரே. இப்ப எறக்குங்க."

சோதனை நாள் வியாழக்கிழமை. கிருஷ்ணகிரி பெட்ரோல் பங்கில் டாங்கியைச் சுத்தமாக வடித்துவிட்டு, என் கண் முன்னால் மூன்று கேலன் அளந்து ஊற்றினார்கள். கவுண்டர் தன் மனைவி வெங்கடம்மாளோடு வந்திருந்தார். வெங்கடம்மாளோடு அரை மூட்டை ராகி, இரண்டு பூசணிக்காய், கால் கட்டிய ஒரு கோழி.

"அக்கா, இன்னிக்கி சோதனை," என்றார் ஃபகருன்னிசா.

"சோதனைன்னா? ஓசூர்ல என் தங்கச்சி வூட்டுக்கு வெறுங்கையோட போறதா, பாயம்மா?"

கவுண்டருக்கே நியாயமாகப் படவில்லை. "ஏ, மூட்டைய எறக்கு. நாளைக்கி ஒரு சொல்லு வரக்கூடாது."

"மூட்டைய எறக்கணும்னா நீயும் எறங்கு," என்றார் வெங்கடம்மாள். "நீ அந்த மூட்டையவிட ரெண்டு பங்கு இருக்கற."

கடைசியில் ராகியும் பூசணிக்காயும் பங்கிலேயே தங்கின. கோழி மட்டும் ஏறியது. பாஷா ஹேண்டில் போட்டார். ஃபகருன்னிசா முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் பின்னால் கட்டில்களில்.

குருபரப்பள்ளியில் கடையிலிருந்து ஒருவர் எழுந்து கையசைத்தார். பாஷாவின் கை ஹாரனுக்குப் போனது.

"வேணாம்," என்றார் ஃபகருன்னிசா.

"ஹாரனுக்குப் பெட்ரோல் ஆவாதும்மா."

"ஹாரன் அடிச்சா அவரு ரோட்டுக்கு வருவாரு. வந்தா நீங்க நிறுத்துவீங்க."

கையசைத்தவர் அசைத்தபடியே பின்னால் போனார். பாஷா கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சின்னாரில் இரண்டு பேர். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வீசிக் கூப்பிட்டார். பாஷா நேரே ரோட்டைப் பார்த்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

அடுத்தது மேலுமலை ஏற்றம். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முள்காடு. அங்கே நின்றுபோனால் ராத்திரிக்குள் யார் வருவார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஃபகருன்னிசா எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப மாத்துங்க," என்பார். பாஷா கியரை மாற்றுவார். "மிதிக்காதீங்க. அதுவா ஏறும்." அதுவாக ஏறியது.

ஏற்றம் முடிந்து சூளகிரி வந்தது. அன்றைக்கு அங்கே சந்தை. ரோட்டோரம் புளியமரத்தடியில் மாடுகள் கட்டியிருந்தன. கவுண்டர் ஜன்னல் திரையை விலக்கினார். அப்படியே எழுந்து நின்றார், தலை கூரையில் இடித்தது.

"பாய், ரெண்டு நிமிசம் நிறுத்து."

"எதுக்குங்க?"

"அந்தச் செவலை ஜோடியப் பாரேன். கொம்பப் பாரு. ரெண்டு மாசமா தேடிக்கினு இருக்கேன்."

"நிறுத்தலாங்க," என்றார் ஃபகருன்னிசா திரும்பாமலே. "ஆனா எஞ்சின் ஓடிக்கினே நிக்கும். ஓசூருக்கு முன்னால நின்னுபோச்சின்னா அது உங்க மாட்டால நின்னதுன்னு வாத்தியாரு எழுதிக்குவாரு."

கவுண்டர் என்னைப் பார்த்தார். நான் பென்சிலைக் கையில் எடுத்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். செவலை ஜோடி மெதுவாகப் பின்னால் போயிற்று.

சந்தை முனையில் நசருல்லா நின்றார். கட்டில் வேன் வருகிற சத்தம் அவருக்கு அரை மைலிலேயே தெரியும். ஒரு கையில் பாஷாவுக்கு ஆற்றிய டீ, நுரையோடு. அதை நீட்டிக்கொண்டு ரோட்டின் நடுவிலேயே நின்றார். பாஷா ஒன்றும் சொல்லாமல் ஸ்டியரிங்கைத் திருப்பி, அவரைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். டீ கிளாஸ் அப்படியே நீட்டியபடி திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தது.

"என்னாடா பாஷா, மெட்ராஸ் கவர்னரா ஆயிட்டியா நீ?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பாஷா துக்க வீட்டிலிருந்து திரும்புகிறவரைப் போல ஓட்டினார். கவுண்டர் கைகளைக் கட்டிக்கொண்டு உம்மென்று இருந்தார். காமன்தொட்டி போனது. பேரண்டப்பள்ளி மேட்டில் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. என் கால்கள் தாமாகவே தரையை அழுத்தின. ஃபகருன்னிசா முன்கண்ணாடிக்குக் கீழே இரும்பில் கை வைத்து, "வா, வா," என்றார், மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி. மேடு முடிந்து சமதளம் வந்தது. இருமல் நின்றது.

ஓசூர் பஸ் நிலையத்தில் வண்டி யாரும் தள்ளாமலே ஓடி வந்து நின்றது. குச்சியை விட்டு எடுத்தோம். கடைசிக் கோட்டுக்குக் கீழே நுனி மட்டும் நனைந்திருந்தது. கால் கேலன் இருக்கலாம் என்று எழுதினேன்.

கவுண்டர் குச்சியை வாங்கி மோந்து பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல மனுஷன். "பாயம்மா, ஒத்துக்கினேன். கேலனுக்குப் பதினொண்ணு. ரெண்டு வருசம் வண்டி எனக்கு. வெத்தலை பாக்கு வாங்கியாரச் சொல்லட்டுமா?"

"கொஞ்சம் இருங்க," என்றார் ஃபகருன்னிசா. "பதினொண்ணு வேணாம். ஒம்பதரைன்னு வெச்சிக்குங்க."

கவுண்டருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"ஜெயிச்சிட்டு எவனாச்சும் கொறைப்பானா? இப்பத்தான பதினொண்ணு வந்துது?"

"இன்னிக்கி வந்தது நான் பக்கத்துல உக்காந்ததால. தெனமும் நான் உக்கார முடியுமா? நாளைக்கி இவரு நசருல்லா கடையில நிப்பாரு. கணக்கு ஒம்பதரைதான் வரும். நீங்க குடைய எடுத்துக்கினு வந்து வண்டிக்கு அடியில கத்துவீங்க."

"நிக்காதேன்னு சொல்லிடும்மா. உம் பேச்சத்தான் கேக்கறாரே."

"கேப்பாரு. ஆனா அந்த மூஞ்சப் பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். பாஷா படியில் உட்கார்ந்து, கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்து, சூளகிரியில் நசருல்லாவிடம் சொல்லும்படி ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். "கோவமில்லன்னு சொல்லுப்பா. பெட்ரோல் விசயம்னு சொல்லு. இல்ல, அத சொல்லாத. நானே வந்து சொல்றேன்னு சொல்லு."

"பம்பாய்க்குப் போனாலும் இந்த மூஞ்சிதான்," என்றார் ஃபகருன்னிசா. "இத வூட்டுல வெச்சிக்கினு நான் என்ன பண்றது? அதுக்கு வண்டிய இரும்புக்காரனுக்கே போட்டிருக்கலாம்."

வெங்கடம்மாள் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் கணவரைப் பார்த்தார். "நீயும்தான் சூளகிரியிலருந்து மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு வந்த."

கவுண்டர் தாடையைச் சொறிந்தார். "ஒம்பதரைன்னா எத்தன டீ?"

"ரெண்டு. போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு."

"நான் சந்தையில நிறுத்தச் சொன்னா?"

"அதுக்கு ஒம்போது."

"ஒம்போதுன்னே வெச்சிக்கோ," என்றார் கவுண்டர். வெற்றிலை பாக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த வேன் ஏழு மாம்பழக் காலம் ஓடியது. மூன்றாவது வருஷம் செல்ஃபும் மாற்றினார்கள். ஒப்பந்தம் மட்டும் கடைசிவரை ஒன்பதிலேயே நின்றது. பாஷா பம்பாயைப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு வெங்கடம்மாளையும் கோழியையும் தங்கை வீட்டில் விட்டுவிட்டு உடனே திரும்பினோம். சந்தை கலைவதற்குள் போக வேண்டும் என்று கவுண்டர் பறந்தார். பெட்ரோல் அவரே போட்டார், அளக்கவில்லை. சூளகிரியில் புளியமரத்தடியில் வண்டி நின்றதும் ஒரு பக்கம் கவுண்டர் குதித்தார், மறுபக்கம் பாஷா. கவுண்டர் செவலையின் வாயைத் திறந்து பல்லை எண்ண ஆரம்பித்தார். பாஷா நசருல்லாவின் கடைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நசருல்லா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கெட்டிலை எடுத்தார். பிறகு கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு பையன் எங்களுக்கும் ஜன்னல் வழியாக டீ கொண்டுவந்து கொடுத்தான். ஃபகருன்னிசா திரையை ஒதுக்கிவிட்டு, கட்டிலில் காலை நீட்டி, சாவகாசமாக ஆற்றிக் குடித்தார். எனக்குக் குடிக்க முடியவில்லை. காலுக்கு அடியில் எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று.

"அம்மா, எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்குது," என்றேன்.

"ஓடட்டும், வாத்தியாரே," என்றார். "இது கணக்குல சேத்துதான் இருக்குது."